மினிக்கு எந்த ரயர்? பத்து அங்குலமா, பன்னிரண்டா?

யாழ்ப்பாணத்தில் பழைய மினிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இயந்திரம் பெரிய தலையிடி இல்லை. அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் இங்கே இருக்கின்றன. பெற்றோல் வராத காலத்தில் ஒஸ்ரினையும் மொறிஸையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊர் இது. சிக்கல் ரயரில்தான் வருகிறது. சந்தியில் உள்ள ரயர் கடைக்குப் போய்ப் பத்து அங்குலக் கார் ரயர் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்:

"பத்து இஞ்சு இல்லை அண்ணை. பன்னிரண்டு இருக்கு, மாருதிக்குப் போடுறது. சில்லை மாத்துங்கோவன்."

மாற்றலாமா, கூடாதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் இடைக்கிடை வெளியே எடுக்கிற கார் என்றால் பத்து அங்குலச் சில்லையே வைத்துக்கொண்டு 145/80 ஆர் 10 ரேடியல் ரயர் போடுங்கள். தினமும் வேலைக்கு ஓடுகிற கார் என்றால் 12 அங்குலச் சில்லும் 145/70 ஆர் 12 ரயரும் போடுங்கள். இந்த எழுத்தில் 145 என்பது ரயரின் அகலம் மில்லிமீற்றரில், 80 அல்லது 70 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது, கடைசி இலக்கம் சில்லின் விட்டம் அங்குலத்தில். ஆர் என்றால் ரேடியல், உள்ளே நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும் முறை. எதைத் தெரிந்தெடுத்தாலும் அளவைவிட ரயரின் வயதுதான் முக்கியம். புதிதாகக் கிடைக்கிற, தேய்ந்தபின் திரும்பவும் புதிதாக வாங்கக்கூடிய ரயர்தான் இந்தக் காருக்கு நல்ல ரயர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சின்னச் சில்லு ஏன் இவ்வளவு கவனம் கேட்கிறது? 1956இல் சூயஸ் நெருக்கடி வந்து பிரித்தானியாவில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கவேண்டி வந்தது. அந்தச் சூழலில்தான் அலெக் இசிகோனிஸ் மினியை வடிவமைத்தார். 1959 ஓகஸ்ட்டில் அது வெளிவந்தது. பத்தடி நீளக் காருக்குள் நாலு பேரை ஏற்றுவதற்காகச் சில்லுக்கு ஒதுக்கும் இடத்தை அவர் சுருக்கினார். டன்லப் நிறுவனம் இந்தக் காருக்கென்றே 5.20-10 என்ற ரயரைச் செய்து கொடுத்தது. அதே இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வந்த மொறிஸ் மைனருக்கு 14 அங்குலச் சில்லு. அதுவே அந்தக் காலத்துக்குச் சின்னது. மினியில் இன்னும் 4 அங்குலம் குறைந்தது.

சின்ன ரயர் அதிகம் சுற்றவேண்டும். 145/80 ஆர் 10 ரயரின் வெளிவிட்டம் சுமார் 486 மில்லிமீற்றர். ஒரு கிலோமீற்றர் ஓட அது ஏறத்தாழ 655 தடவை சுற்றுகிறது. இன்று எங்கும் காண்கிற வாகன் ஆர் காரின் 155/65 ஆர் 14 ரயர் அதே தூரத்துக்கு 571 தடவைதான் சுற்றும். கண்டிக்குப் போகும் ஏ9 வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றரில் போனால் மினியின் ரயர் நிமிடத்துக்கு 655 தடவை சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ரயரின் பக்கச் சுவர் ஒருதரம் நெளிந்து நிமிரும். நெளிவு கூடினால் சூடு கூடும். காற்றுக் குறைவாக இருந்தால் இன்னும் கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் தார் கொதிக்கிற நேரத்தில் ஆனையிறவைத் தாண்டிப் போகிறவர் இதை மனதில் வைத்திருக்கவேண்டும். கொழும்புவரை போனால் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். ஒவ்வொரு ரயரும் இரண்டரை இலட்சம் தடவைக்கு மேல் நெளிந்து நிமிர்ந்திருக்கும். பழசாகி இறுகிப்போன ரப்பரால் அதைத் தாங்க முடியாது.

கிடங்கும் அப்படித்தான். பெரிய சில்லு மேலால் உருண்டு போகிற கிடங்குக்குள் சின்னச் சில்லு இறங்கி ஏறும். பலாலி வீதி, பருத்தித்துறை வீதி போன்ற பெருந்தெருக்கள் இப்போது காபெற் போட்டு நன்றாக இருக்கின்றன. வீட்டுக்குப் போகும் ஒழுங்கை அப்படி இருப்பதில்லை. மாரி காலத்தில் வெள்ளம் நிற்கும்போது கிடங்கு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. மினிக்குச் சுருள்வில் கிடையாது. அலெக்ஸ் மோல்ற்றன் செய்து கொடுத்த ரப்பர்க் கூம்புகள்தான் அதைத் தாங்குகின்றன. அறுபதுகளின் நடுவில் வந்த சில மினிகளில் மட்டும் திரவத்தால் இயங்கும் அமைப்பு இருந்தது. ரப்பர்க் கூம்பு இயல்பிலேயே கொஞ்சம் விறைப்பானது. அதனால் மினியில் ரயரின் பக்கச் சுவரையும் சஸ்பென்ஷனின் ஒரு பகுதியாகவே எண்ணவேண்டும். பக்கச் சுவர் குட்டையாகக் குட்டையாக இடுப்புக்கு இடி கூடும். கீழே ஒவ்வொரு ரயருக்கும் அந்த உயரத்தைச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி வயது. ரயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்யப்பட்டது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்திய ரயர். பூ, அதாவது தரையில் படும் பக்கத்தில் உள்ள வெட்டு, எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதை வாங்கவே கூடாது. மினி ரயர் விஷயத்தில் இந்த இலக்கத்தைப் பார்ப்பது மற்றக் கார்களைவிட அவசியம், ஏனென்றால் பத்து அங்குல ரயர் கடையில் வேகமாக விலைப்படாது. வாகனச் சாமான் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடிக்கிற ரயர் பளபளவென்று இருக்கலாம், ஒருதரமும் தரையில் படாமலும் இருந்திருக்கலாம். ஆனாலும் அதன் ரப்பருக்கு வயது போய்க்கொண்டே இருந்திருக்கும். ஐந்து வருடம் கடந்தபின் ஒவ்வொரு வருடமும் உள்ளும் புறமும் பார்க்கவேண்டும், பத்து வருடத்துக்கு மேல் ஓடக்கூடாது என்பது ரயர் செய்கிறவர்களே சொல்லும் பொதுவான கணக்கு. நம் வெயிலுக்கு நான் பத்து வருடம்வரை போகமாட்டேன். ஆறு, ஏழு வருடத்தில் மாற்றிவிடுவது நல்லது.

நம் வீடுகளில் மினிகள் பெரும்பாலும் ஓடித் தேய்வதில்லை, நின்று பழசாகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பாவின் கார் கொட்டிலில் மூடியபடி. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது வெளியே எடுப்பார்கள். பூ அப்படியே இருக்கும், பக்கச் சுவரில் மயிர்போல் மெல்லிய வெடிப்புகள் இருக்கும். அந்த ரயரோடு நல்லூரைச் சுற்றி வந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பார்கள். பிறகு வவுனியாப் பக்கம் ஓர் ஓட்டம் போவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாலு பேர் ஏறி, பின்னால் பெட்டியும் வைத்து, வெயிலில் ஒரு மணித்தியாலம் ஓடினால் அந்த வெடிப்புகள் திறக்கும்.

சரி, தெரிவுகளுக்கு வருவோம்.

கார் வந்தபோது இருந்த 5.20-10 குறுக்கு நூல் ரயர் முதலாவது. குறுக்கு நூல் என்றால் உள்ளே நூல்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகும் பழைய முறை. காட்சிக்கு இதைவிட அழகான ரயர் மினிக்கு இல்லை, பூவின் வடிவமே அறுபதுகளைச் சொல்லும். ஆனால் நனைந்த வீதியில் பிடிப்புக் குறைவு, வளைவில் கார் மிதப்பதுபோல் இருக்கும், தார் வீதியில் ஏற்கெனவே உள்ள தடத்தின் பின்னால் ஸ்ரியறிங் இழுக்கும். அழகுப் போட்டிக்கும் கண்காட்சிக்கும் கார் வைத்திருப்பவர் போடட்டும். யாழ்ப்பாணத்து மாரியில் ஓடுகிற காருக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: குறுக்கு நூல் ரயரையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலந்து பூட்டவே கூடாது. முன்னுக்கு ரேடியல், பின்னுக்குக் குறுக்கு நூல் என்று பூட்டுவதும் ஆபத்து. பின்பக்கம் திடீரென்று வழுக்கி விலகும்.

அடுத்தது 145/80 ஆர் 10. பழைய கைநூல்களில் 145-10 என்று எழுதியிருப்பதும் இதுதான். பக்கச் சுவர் 116 மில்லிமீற்றர். மினிக்கான ரேடியல் அளவுகளுக்குள் இதுவே உயரம், எனவே ஒழுங்கைக்கும் இதுவே மிருதுவானது. சுமைச் சுட்டி 69, அதாவது ஒரு ரயர் 325 கிலோ தாங்கும். நாலுக்கும் சேர்த்து 1300 கிலோ. 600 கிலோவைச் சற்றுக் கடந்த காருக்கு ஆட்களும் சாமானும் சேர்ந்தாலும் போதும். ஒடுக்கமான ரயர் என்பதால் ஸ்ரியறிங் இலேசு. நின்ற இடத்தில் திருப்பும்போது, குறிப்பாகச் சந்தைக்குள்ளே நெருக்கி நிறுத்தும்போது, இது பெரிய ஆறுதல். வெள்ளத்தையும் நன்றாகப் பிளந்துகொண்டு போகும். பழைய 3.5 அங்குல அகல றிம்முக்கே சரியாக உட்காரும், வேறொன்றையும் மாற்றத் தேவையில்லை. காரின் முகமும் மாறாது. மினியின் அழகில் பாதி அந்தச் சின்னச் சில்லுதான் என்பது என் உறுதியான எண்ணம். பெரிய சில்லுப் போட்ட மினி நன்றாக ஓடலாம், ஆனாலும் மதிலோரம் நிறுத்திவைத்துப் பார்க்கும்போது ஏதோ ஒன்று பிசகியிருக்கும்.

இதன் குறை ஒன்றுதான், கிடைப்பது கடினம். பிரித்தானியாவில் மினிக்காரர் இன்னும் ஏராளம், அங்கே இது இலகுவாகக் கிடைக்கிறது. நான்காங், யோகோகாமா போன்ற கம்பனிப் பெயர்களைப் பார்த்துத் தேடுவதைவிட, தேதியைப் பார்த்துத் தேடுங்கள். இலண்டனில் உறவினர் இருந்தால் கடலால் வரும் பொதியோடு ஐந்து ரயர் அனுப்பச் சொல்லலாம். அனுப்பச் சொல்லும் முன் டி.ஓ.டி. இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், சுங்க விதி என்ன என்பதையும் இங்கே முதலில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2020இலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்த வருடங்களை நாங்கள் எல்லோரும் கண்டோம்.

165/70 ஆர் 10 அளவை ஆசையோடு கேட்பவர்கள் பலர். வெளிவிட்டம் 485, பக்கச் சுவர் 115.5 மில்லிமீற்றர், அதாவது உயரம் 145/80க்குக் கிட்டத்தட்டச் சமம். அகலம் மட்டும் 20 மில்லிமீற்றர் கூட. வேக மீற்றரும் கியர் கணக்கும் மாறாது. வளைவில் பிடிப்பு உண்மையாகவே நன்றாக இருக்கும், சுமைச் சுட்டியும் பெரும்பாலும் 72. ஆனால் இதற்கு 4.5 அங்குலமாவது அகலமான றிம் வேண்டும். பழைய 3.5 அங்குல றிம்மில் இதை நெருக்கி ஏற்றினால் ரயரின் தோள்கள் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி புடைக்கும். நடுப்பூ மட்டும் தேயும், வளைவில் ரயர் மடங்கும். காசு கொடுத்து வாங்கிய பிடிப்பு வீணாகும். ஸ்ரியறிங்கும் கனக்கும், மினிக்குப் பவர் ஸ்ரியறிங் இல்லை. மினியின் வேக வகையான கூப்பரை வைத்திருப்பவர், அல்லது இயந்திரத்தைப் பெருப்பித்தவர் அகல றிம்மோடு சேர்த்துப் போடலாம். 850 சி.சி. இயந்திரத்தோடு நகருக்குள் ஓடும் காருக்கு இது தேவையற்ற செலவு.

இனி 12 அங்குலம். 1984இல் தயாரிப்பாளர்களே எல்லா மினிக்கும் 12 அங்குலச் சில்லுக்கு மாறினார்கள். முன்சில்லுக்குள்ளே பெரிய டிஸ்க் பிறேக் வைக்க இடம் வேண்டியிருந்தது. அதோடு வந்த ரயர் 145/70 ஆர் 12. எனவே இந்த மாற்றம் காரின் இயல்புக்குப் புறம்பானது இல்லை, தொழிற்சாலையிலேயே நடந்த மாற்றம். நமக்கு இதில் கிடைக்கும் பெரிய நன்மை, மாருதி 800 ஓடியதும் இதே 145/70 ஆர் 12 ரயரில்தான். மாருதிகளுக்காகக் கடைகள் இதை இறக்குகின்றன, விலைப்பட்டுக்கொண்டே இருப்பதால் பழசாகி நிற்பதில்லை. சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ ஒரு ரயர் வெட்டுப்பட்டுப் போனால், அன்றைக்கே அதே அளவில் ஒன்று வாங்கிப் பூட்டிக்கொண்டு வீடு வரலாம். பத்து அங்குலம் போட்டவர் அதே இடத்தில் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்துக்கொண்டு நிற்பார். தினமும் காரை நம்பி இருப்பவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

விட்டம் 508 மில்லிமீற்றர், பக்கச் சுவர் 101.5. ஆக 145/80 ஆர் 10ஐவிடச் சுவர் 15 மில்லிமீற்றர் அளவு குட்டை, அது இடுப்பில் தெரியும். ஆனால் சில்லே பெரிதானதால் கிடங்குக்குள் இறங்குவது குறைகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் காபெற் வீதியில் 12 அங்குலம் சற்று அமைதி, ஒழுங்கையில் 10 அங்குலம் சற்று மிருது. வேக மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 63க்குக் கொஞ்சம் குறைவாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், பொலிசாரின் வேகமானி உங்கள் மீற்றரைக் கேட்காது. முதல் கியரில் இழுவை ஒரு மயிரளவு குறையும், நம் சமதரையில் அது பொருட்டே இல்லை.

ஆனால் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மாருதியின் ரயர் சரி, மாருதியின் றிம் சரிவராது. மினியில் சில்லைப் பூட்டும் நாலு ஆணிகளும் 101.6 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கின்றன, மாருதியினுடையவை 114.3இல். இதையாவது கண்ணாலேயே பார்த்துவிடலாம். உண்மையான ஆபத்து 100 மில்லிமீற்றர் வட்டமுள்ள யப்பானிய றிம்கள். வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர்தான். இழுத்து இறுக்கினால் உள்ளே போய்விடும். போனபின் ஆணி வளைந்த நிலையிலேயே நிற்கும், நட்டு நேராக உட்காராது, ஓட ஓட இளகும், ஒருநாள் ஆணி முறியும். "கொஞ்சம் துளையை அராவினால் சரி தம்பி" என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். மினிக்கென்றே செய்த 12 அங்குல றிம்மைத்தான் வாங்கவேண்டும், நட்டும் அந்த றிம்முக்கு உரியதாக இருக்கவேண்டும். இரும்பு றிம்முக்கும் அலோய் றிம்முக்கும் நட்டு வேறு. பூட்டியபின் ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பின் இருக்கையில் இரண்டு பெரிய ஆட்களை ஏற்றி, ரயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள்.

165/60 ஆர் 12, 175/50 ஆர் 13 இரண்டைப் பற்றியும் நீட்ட விரும்பவில்லை. முதலாவதன் சுவர் 99 மில்லிமீற்றர், நல்ல றிம்மும் மட்கார்ட் விரிப்பும் இருந்தால் வேகப் பிரியருக்கு ஏற்றது. இரண்டாவதன் சுவர் 88 மில்லிமீற்றருக்கும் கீழே. ரப்பர்க் கூம்பில் நிற்கிற காரில் அதைப் போட்டுக் கல்லு ஒழுங்கையில் போனால் முதுகும் றிம்மும் சேர்ந்தே வளையும். அகலச் சில்லு வெளியே தள்ளி நிற்பதால் பெயாறிங்கும் பந்து மூட்டுகளும் சீக்கிரம் தேயும்.

டாட்டா ஏஸ், நம்மாட்கள் சொல்லும் டிமோ பட்டாவுக்குப் போடும் 145 ஆர் 12 ரயரை மினிக்குப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். அது சுமை ஏற்றும் ரயர், 8 பி.ஆர்., அதாவது எட்டு அடுக்கு நூலுக்குச் சமமான வலிமை. முழுக் காற்று அடித்துச் சுமை ஏற்றினால்தான் அதன் சுவர் ஒழுங்காக வேலை செய்யும். இலேசான மினியின் கீழே அது பலகைபோல் விறைத்து நிற்கும், நனைந்த வீதியில் பிறேக் பிடித்தால் சறுக்கும். உயரமும் கூட. நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மை, ஆனால் மினிக்கு அந்த உழைப்பு தேவையில்லை. ஸ்கூட்டருக்கு வரும் 90/100-10ஐயும் அளவில் பத்து என்று கண்டு சிலர் நினைக்கிறார்கள். அது சரிந்து வளைகிற இருசில்லு வண்டிக்குச் செய்தது, கார் வளைவின் பக்க அழுத்தத்தைத் தாங்காது. மறுபடி ரப்பர் ஒட்டிய ரயரையும் நான் சேர்க்கமாட்டேன். மினி அளவில் ஒட்டக் கிடைக்கும் பழைய கூடே பெரும்பாலும் வயதுபோனதாக இருக்கும்.

மொறிஸ் மைனர்க்காரருக்குச் சிக்கல் வேறு விதம். 14 அங்குல ரயர் இன்று எங்கும் உண்டு, ஆனால் வாகன் ஆரின் 155/65 ஆர் 14 போட்டால் கார் குந்திவிடும். அதன் விட்டம் 557 மில்லிமீற்றர், மைனருக்கு ஏற்ற 155/80 ஆர் 14 அளவோ 604. இயந்திரம் தேவையில்லாமல் கத்தும், மீற்றர் கூடுதலாகக் காட்டும். 80 என்ற அந்த இலக்கத்தை விடாமல் கேளுங்கள்.

காற்று பற்றி. மினியின் கைநூலில் குறுக்கு நூல் ரயருக்கு முன் 24, பின் 22 இறாத்தல் என்று இருக்கும். அந்தக் கணக்கை ரேடியலுக்கு வைத்தால் குறைவு. 145 ரேடியலுக்கு முன் 28, பின் 26 என்று தொடங்குங்கள். இயந்திரம் முன்னால் இருப்பதால் முன்னுக்கு எப்போதும் கூட. காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து அடிக்கவேண்டும். பெற்றோல் நிலையத்தில் பொடியன் வழக்கப்படி எல்லாக் காருக்கும் 32 அடிப்பான். "தம்பி, முன்னுக்கு 28, பின்னுக்கு 26" என்று இறங்கி நின்று சொல்லுங்கள்.

பழைய றிம்மில் ரியூப் போடுவதா இல்லையா? பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் ஓடிய காரென்றால் உப்புக் காற்றில் றிம்மின் உள்விளிம்பு அரித்திருக்கும், ரியூப் இல்லாமல் காற்று நிற்காது. ரியூப் போட்டால் ரேடியலுக்கு உரிய ரியூப்பாக இருக்கட்டும், ரயருக்குள் ஒட்டியிருக்கும் காகிதத் துண்டை உரித்து எடுக்கச் சொல்லுங்கள், அது ரியூப்பை உரசி ஓட்டையாக்கும். முடிந்தால் றிம்மைச் சுரண்டி நிறமடித்து ரியூப் இல்லாமலே ஓடுவது நல்லது. வேலி அடைக்கிற காலத்தில் ஒழுங்கை முழுக்க ஆணியும் முள்ளுக்கம்பித் துண்டும் கிடக்கும். ரியூப் உள்ள ரயர் ஆணி ஏறியவுடன் குந்திவிடும், ரியூப் இல்லாதது மெல்ல மெல்லத்தான் இறங்கும், வீடு வந்து சேர நேரம் தரும்.

வாங்கும்போது நாலு வாங்காமல் ஐந்தாக வாங்குங்கள், ஐந்தும் ஒரே காலத்தில் செய்ததாக இருக்கட்டும். 12க்கு மாறுகிறவர் ஐந்தாவது றிம்மையும் அப்போதே எடுத்துவிடவேண்டும். பின்பெட்டிக்குள் பழைய பத்து அங்குலச் சில்லு கிடந்தால், வழியில் முன்சில்லு குந்தும்போது ஒரு பக்கம் 508, மறுபக்கம் 486 என்று பூட்டி ஓடவேண்டி வரும். முன்னச்சு இரண்டு சில்லையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிட்டுக்கொண்டு டிப்ரென்ஷியல் ஓயாமல் வேலை செய்யும். புதிய சில்லைப் பெட்டியின் குழிக்குள் வைத்துப் பலகை மூடுகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.